நாயைப் பழக்குவது பற்றி நாம் நம்பும் சில பொய்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

செயலாளர் போனில் கூப்பிட்டு, "சார், இந்த வருஷம் நீங்கதான் பேசணும். அரசியல் வேண்டாம், சாமி வேண்டாம், சுகரைப் பத்தியும் வேண்டாம். போன வருஷம் அதைப் பேசினவரால பாதிப் பேர் பாயசம் சாப்பிடலை" என்றார். இதையெல்லாம் கழித்தால் எனக்கு மிச்சம் இருப்பது நாய்தான். இந்தக் கல்லூரியில் பி.யூ.சி. படித்துவிட்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனவன் நான். அரசு வேலையில் இருந்தவரை மாடும் ஆடும் கோழியும். ஓய்வுக்குப் பிறகு என் கிளினிக்குக்கு வருவது முக்கால்வாசி நாய்கள்.

உடம்பு சரியில்லாத நாயைக் கொண்டுவருகிறவர்களை எனக்குப் பயமில்லை. நல்ல ஆரோக்கியமான நாயைக் கொண்டுவந்து, "ஊசி போட்டு முடிச்சிருங்க டாக்டர்" என்று சொல்கிறவர்கள்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறவர்கள். கடிக்கிறது, சொன்ன பேச்சு கேட்கவில்லை, வீட்டை நாசம் பண்ணுகிறது என்பார்கள். பத்து நிமிஷம் விசாரித்தால், அந்த நாயின் கெட்ட குணத்துக்குப் பின்னால் மனிதர்களின் ஒரு தவறான நம்பிக்கை உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட நம்பிக்கைகள் சிலவற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலாவது, நாய்க்கு இங்கிலீஷ்தான் புரியும் என்பது.

சிரிக்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளையிடம் தமிழில் பேசுகிறோம், மாட்டிடம் தமிழில் பேசுகிறோம், நாயைப் பார்த்ததும் "சிட்! கம் ஹியர்! நோ!" என்கிறோம். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்குப் பயந்து ஓடியவர்கள்கூட நாயிடம் துரை மாதிரிப் பேசுகிறார்கள். நாய்க்கு மொழி கிடையாது, ஒலிதான். எந்த ஒலிக்கு எது நடக்கிறது என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. ஜெர்மனியில் ரிகோ என்ற பார்டர் கோலி நாய்க்கு இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்களின் பெயர் தெரியும் என்று 2004-இல் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், சேசர் என்ற தன் நாய்க்கு மூன்று வருஷத்தில் 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார். அது 2011-இல் வெளியானது. இவ்வளவு கற்கிற பிராணிக்கு 'உட்கார்', 'படு', 'வா', 'இரு' என்ற நான்கு தமிழ்ச் சொற்கள் வராதா?

மொழி எதுவாக இருந்தாலும் சரி, ஆளாளுக்கு ஒரு சொல் சொல்வதுதான் குழப்பம். அப்பா 'சிட்' என்பார், பாட்டி 'உக்காருடா கண்ணு' என்பார், பையன் ஒரே மூச்சில் 'சிட் சிட் சிட் சிட்' என்பான். எத்தனையாவது 'சிட்'டுக்கு உட்கார வேண்டும் என்று நாய் எப்படிக் கண்டுபிடிக்கும்? வீட்டில் எல்லோரும் கூடி, ஒரு செயலுக்கு ஒரே சொல் என்று முடிவு செய்யுங்கள். அதை ஒரே தடவை சொல்லுங்கள். 'வா' என்று கூப்பிட்டு, வந்தபின் அடிக்காதீர்கள். அப்படி இரண்டு முறை செய்தால், 'வா' என்றால் 'ஓடு' என்று அது கற்றுக்கொள்ளும். அதன் கணக்குப்படி அது சரிதான்.

இரண்டாவது, அடியாத மாடு படியாது என்பது.

பழமொழி சொன்னவர் மாட்டைப் பற்றித்தான் சொன்னார்; நாம் அதை நாய்க்கும், பிள்ளைகளுக்கும், சில வாத்தியார்கள் நமக்கும் நீட்டித்துவிட்டார்கள். இதற்கு வெளிநாட்டில் ஒரு விஞ்ஞானச் சட்டையும் மாட்டினார்கள். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து எழுதினார். அவை சண்டை போட்டு, ஜெயித்தவன் தலைவன் என்று வாழ்கின்றன என்றார். உடனே, நாயும் ஓநாய் வம்சம்தானே, ஆகவே வீட்டில் நீ தலைவன் என்று காட்டு, மல்லாக்கத் தள்ளி அமுக்கு என்று ஒரு பயிற்சி முறையே உருவாகிவிட்டது.

டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், 1970-இல் எழுதிய புத்தகத்தில் தானும் இந்தத் தலைவன் கதையைச் சொன்னவர். பிறகு கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் பல கோடைக்காலங்கள் தங்கி, காட்டு ஓநாய்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அங்கே தலைவனும் இல்லை, அடிமையும் இல்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். நம்ம வீடு மாதிரி ஒரு குடும்பம். 1999-இல் அதை எழுதி, பழைய கருத்தைத் திருத்தினார். தன் பழைய புத்தகத்தை அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடமும் கேட்டுக்கொண்டார். முன்பின் தெரியாத ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்துப் பார்த்து ஓநாயின் குணத்தைச் சொல்வது, ஜெயிலைப் பார்த்துவிட்டுத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுவது மாதிரி.

அடித்தால் என்ன ஆகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து மருத்துவர்கள், தங்களிடம் வந்த நாய்க்காரர்களை விசாரித்தார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம், நாய் பதிலுக்குச் சீறியது அல்லது பாய்ந்தது. அடி படிய வைக்கும் என்கிறோம். அது பல நாய்களைப் பாய வைக்கிறது.

மூன்றாவது, "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது டாக்டர், மூஞ்சியப் பாருங்க" என்பது.

நாம் ஆபீஸ் போயிருக்கும்போது செருப்பைக் கடித்துக் குதறி வைத்திருக்கும். வந்ததும் காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். "குற்ற உணர்ச்சி" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அம்மையார் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். 2009-இல் முடிவு வந்தது. தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது என்று சில சமயம் உண்மையும், சில சமயம் பொய்யும் அவரிடம் சொல்லப்படும். அந்தக் குற்றவாளி முகம் எப்போது வந்தது தெரியுமா? எஜமானர் திட்டியபோதெல்லாம் வந்தது. தின்றதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றுமே செய்யாத நாய்கள் திட்டு வாங்கியபோது அந்த முகம் இன்னும் அதிகமாக இருந்தது.

அதாவது, அது நம் கோபத்தைப் படிக்கிறது. செருப்புக்கும் அடிக்கும் நடுவே நான்கு மணி நேரம் போய்விட்டால், அதன் கணக்கில் இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. 'இவர் சாயங்காலம் கதவைத் திறந்தால் அடி விழும்' என்பதுதான் அது படித்த பாடம். ஹாலில் ஒன்றுக்குப் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதிலே தேய்ப்பவர்களும் உண்டு. அந்த நாய் கற்றுக்கொள்வது, மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது என்பதையே. பிறகு சோபாவுக்குப் பின்னால் போகும். குட்டியைத் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போங்கள். அங்கே போனதும் அந்த நொடியே பாராட்டி, வாயில் ஒரு துண்டு கொடுங்கள். பெரும்பாலான குட்டிகள் சில வாரங்களில் பழகிவிடும்.

நான்காவது, பிஸ்கட் கொடுத்துப் பழக்குவது லஞ்சம் என்பது.

அரசு ஊழியர்கள் நிறையப் பேர் இருக்கிற சபை, அதனால் ஜாக்கிரதையாகச் சொல்கிறேன். வேலைக்கு முன்னால் காட்டுவது லஞ்சம். வேலை முடிந்தபின் தருவது சம்பளம். பிஸ்கட்டை மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டி 'வா, வா' என்றால் அது லஞ்சம். பையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த அந்த நொடியில் கொடுத்தால் சம்பளம். நன்றாகப் பழகியபின், தினக்கூலி மாதிரி எண்ணித் தரவேண்டியதில்லை. எப்போதாவது தந்தால் போதும். நேரம்தான் முக்கியம். உட்கார்ந்ததும் தந்தால் உட்காரக் கற்கும். எழுந்து நம் மேல் தாவியபின் தந்தால் தாவக் கற்கும்.

எங்கள் காலத்து விடுதி நாய் என் தோழர்களுக்கு ஞாபகம் இருக்கும். மெஸ் மணி அடித்தால் எங்கிருந்தாலும் ஆஜர். ரஷ்யாவில் பாவ்லோவ் ஆய்வுக்கூடம் கட்டிக் கண்டுபிடித்ததை, எங்கள் சமையல்காரர் இலையில் மிஞ்சிய சோற்றால் நிரூபித்துவிட்டார். அந்த நாய் வார்டனைக் கண்டால் மட்டும் குரைக்கும். அது ஏதோ அநியாயத்தை எதிர்க்கிறது என்று நாங்கள் பெருமைப்பட்டோம். உண்மையில், அது குரைத்தபோதெல்லாம் நாங்கள் சிரித்து, தட்டிக்கொடுத்து, பிஸ்கட் போட்டோம். பயிற்சி என்ற பெயரே இல்லாமல், மூன்று மாடி விடுதி சேர்ந்து பயிற்சி கொடுத்திருக்கிறது.

ஐந்தாவது, நாட்டு நாய்க்குப் புத்தி வராது, வெளிநாட்டு ஜாதிதான் படியும் என்பது.

நம்ம தென்மாவட்டத்து மண்ணில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் பெற்ற நாய்கள் இருக்கின்றன. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையமும் ஒன்று. கர்நாடகத்து முதோல் நாயை மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் பிரிவு பழக்கியிருக்கிறது. வேட்டைக்கென்று வந்த நாய், தூரத்தில் ஓடும் முயலைப் பார்த்துத் தானே முடிவெடுக்க வேண்டிய நாய். அதனிடம், உத்தரவு கேட்டு நிற்கும் லாப்ரடாரின் குணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதற்குப் பாடம் சுருக்கமாக இருக்க வேண்டும், சம்பளம் நன்றாக இருக்க வேண்டும். தெருவில் பிறந்த நாயும் அப்படியே படியும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. ஒருவர் ஐந்து மாதக் குட்டியைக் கொண்டுவந்தார். "மக்கு டாக்டர். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. திமிர்." உடம்பெல்லாம் தழும்பு. அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று தட்டைத் தட்டினேன், காது அசையவில்லை. அத்தனை நாளும் காதில் விழாத சொல்லுக்காக அடி வாங்கியிருக்கிறது. அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கையசைவில் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். உள்ளங்கையை உயர்த்தினால் உட்கார், கையை நெஞ்சுக்கு இழுத்தால் வா. தூங்கும்போது பின்னாலிருந்து தொடாமல், தரையைத் தட்டி எழுப்ப வேண்டும்; வெளியே எப்போதும் கயிற்றில்தான். இரண்டே மாதத்தில், காது கேட்கும் நாய்களைவிட ஒழுங்காக உட்கார்ந்தது. சொன்ன பேச்சு கேட்காத நாயைத் தண்டிக்கும் முன், அதற்குக் காது கேட்கிறதா, வலி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாவது, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது.

இதில் பாதி உண்மை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருஷம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் புத்தகம் எழுதினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை, குட்டி எதைப் பார்க்கிறதோ அதை உலகம் என்று ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் குழந்தை, குடை, ஹெல்மெட் போட்டவர், மோட்டார் சைக்கிள், குக்கர் விசில் எல்லாவற்றையும் பயமில்லாமல் பழக்க வேண்டும். நாமோ முப்பது நாளில் தாயிடமிருந்து பிடுங்கிவந்து, மாடிப்படிக்குக் கீழே கட்டிப்போடுகிறோம். "கட்டிப் போட்டு, மிளகாய் கொடுத்தாத்தான் ரோஷம் வரும்" என்கிறார்கள். வருவது ரோஷமல்ல, வயிற்றுப்புண்ணும் பயமும். பயந்த நாய்தான் பால்காரரையும் கடிக்கும், பேரப்பிள்ளையையும் கடிக்கும். எட்டு வாரமாவது தாயிடம் இருக்கட்டும்.

மற்றபடி, வயதான நாய் புதிதாகக் கற்காது என்பது பொய். பத்து வயது நாயும் கற்கும். கொஞ்சம் மெதுவாக, என்னை மாதிரி.

கடைசியாக, எல்லாவற்றையும்விட ஆபத்தானது. உறுமலை அடித்து நிறுத்த வேண்டும் என்பது.

ஒரு பெரியவர், தன் மகனோடு கோம்பை நாய் ஒன்றைக் கொண்டுவந்தார். நான்கு வயதுப் பேத்தியின் கையைக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல், தடுப்பூசி எல்லாம் ஆகியிருந்தது. "இனிமே இது வீட்ல இருக்கக் கூடாது. முடிச்சிருங்க." நான் கேட்டேன், "முன்னாடி உறுமுமா?" பெரியவர் சொன்னார்: "சோத்துத் தட்டுகிட்ட போனா உறுமிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அடிச்சு அடிச்சு அதை விட வச்சுட்டோம் டாக்டர்."

கேட்டீர்களா? உறுமல் என்பது நாயின் எச்சரிக்கைப் பலகை. 'எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போ' என்று அதற்குத் தெரிந்த மொழியில் சொல்கிறது. பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள்; பள்ளம் அங்கேயேதான் இருந்தது. குழந்தை அதில் விழுந்தது.

பத்து நாள் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும், அதற்குள் எதுவும் செய்யக்கூடாது என்றேன். வெறிநோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அந்தப் பத்து நாளில் பெரியவரோடு தினமும் பேசினேன். பிறகு சாப்பாடு தனி அறையில், கதவைச் சாத்தி. பெரியவர் மட்டும் தூரத்தில் நின்று, தட்டுப் பக்கம் ஒரு கறித்துண்டை எறிந்துவிட்டு உடனே போய்விடுவார். வாரக்கணக்கில் ஒவ்வொரு அடியாக நெருங்கினார். ஆள் வந்தால் சோறு போய்விடும் என்றிருந்தது, ஆள் வந்தால் கறி வரும் என்று மாறியது. அப்படியும், குழந்தையை அதோடு தனியே விடவில்லை. விடவும் கூடாது, எந்த நாயோடும். அந்த நாய் இன்னும் ஏழு வருஷம் இருந்து, முதுமையில் இறந்தது. எல்லா நாயையும் இப்படிக் காப்பாற்ற முடியும் என்று சொல்ல மாட்டேன். சிலது முடியாது. ஆனால் உறுமலைக் கேட்டிருந்தால் அந்தக் குழந்தைக்குத் தையல் விழுந்திருக்காது.

இதோடு சேர்த்து இரண்டு. குரைக்கிற நாய் கடிக்காது என்று நம்பிக் கையை நீட்டாதீர்கள், குரைத்துவிட்டும் கடிக்கும். வாலை ஆட்டினால் சிநேகம் என்றும் நம்பாதீர்கள். உடம்பு முழுவதும் தளர்ந்து ஆடினால் சிநேகம். வால் விறைத்து நின்று நுனி மட்டும் ஆடி, பார்வை நிலைகுத்தினால், நீங்கள் மெதுவாக விலகுவது நல்லது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றும் விடுதி வாசலில் ஏழெட்டு நாய்களைப் பார்த்தேன், நல்ல சதைப்பிடிப்பு. சோறு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நடைபாதையிலிருந்து தள்ளிப் போடுங்கள். கையைத் தாவிப் பிடுங்குகிற நாய்க்குக் கொடுக்காதீர்கள். உட்கார்ந்து காத்திருக்கிற நாய்க்குக் கொடுங்கள். லீவு விட்டதும் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். பசியோடு அது யார் பையைப் பிடுங்கும் என்று யோசியுங்கள். நிர்வாகத்தோடு பேசி, கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். செலவில் ஒரு பங்கை எங்கள் பி.யூ.சி. வகுப்பு ஏற்றுக்கொள்ளும், தோழர்களைக் கேட்காமலே சொல்கிறேன், கைதட்டுங்கள்.

யாரையாவது நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், சொன்ன தேதியிலெல்லாம் ஊசியை முடியுங்கள். குட்டி நாய் கடித்தாலும், வீட்டு நாய் கடித்தாலும் அப்படியே. வெறிநோயின் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது மிக மிக அரிது.

வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் நாய் சும்மா, அமைதியாக ஒரு மூலையில் படுத்திருக்கும் பாருங்கள், அப்போது போய் "நல்ல பிள்ளை" என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். தப்பு செய்யும்போது மட்டும் கவனிக்கிற வழக்கத்தை அதனிடமிருந்து ஆரம்பித்து மாற்றலாம். பிறகு வீட்டில் உள்ள மற்றவர்களிடமும் முயன்று பார்க்கலாம்; அதற்கு நான் மருத்துவ உத்தரவாதம் தர முடியாது.